அறுபது வோல்ட் இடியப்பம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் அந்தக் குறுகிய ஒழுங்கைக்குள் வந்து போகிற வாகனங்களில் பாதியை ஜீவராணி கண்ணால் கண்டதில்லை, காதால்தான் தெரியும். அவளுடைய குசினி ஒழுங்கையின் வளைவை ஒட்டி இருந்தது. இடியப்பம் பிழிகிறவளுக்கு இரண்டு கையும் உரலில் இருக்கும், கண் தட்டில் இருக்கும். காது மட்டும் சும்மா கிடக்கும். மீன்காரனின் ஹோர்ன், காஸ் சிலிண்டர் லொறி, பக்கத்து வீட்டுப் பெடியன் புதிதாக வாங்கி ஊரையே எழுப்புகிற மோட்டார் சைக்கிள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவற்றுக்குள்ளும் மிக நன்றாகத் தெரிந்தது அவளுடைய புருஷன் புஷ்பராஜின் பைக்.

பைக் என்று சொன்னாலும் அது ஒரு சைக்கிள்தான். பெற்றோலுக்கு வரிசையில் கிடந்து சீரழிந்த அந்த வருஷத்தில் புஷ்பராஜ் இருந்த மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு, மருதானையில் வேர்க்ஷொப் வைத்திருக்கிற இன்ஸாபிடம் போய், ஒரு கியர் சைக்கிளின் பெடல் அச்சில் மோட்டரைப் பூட்டிக்கொண்டு வந்தான். மற்ற மின்சார சைக்கிள்களில் மோட்டர் சில்லுக்குள், சக்கரத்தின் நடுவில் இருக்கும். இதில் அது இரண்டு காலுக்கும் நடுவில் இருந்து, மனுஷன் மிதிக்கிற மாதிரியே செயினைப் பிடித்து இழுக்கும். கியரை ஒழுங்காக மாற்றினால் இடியப்பப் பெட்டியோடு புதுக்கடை ஏற்றத்தைக் கூடச் சிணுங்காமல் ஏறும். நாற்பத்தெட்டு வோல்ட் பெற்றரி. காலையில் புறப்படும்போது மோட்டர் மெல்லிய குரலில் பாடிக்கொண்டு போகும். வெள்ளவத்தையில் இடியப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கும். பெற்றரி இறங்கினால் வோல்ட் குறையும், வோல்ட் குறைந்தால் மோட்டர் சுற்றுவதும் குறையும் என்று இன்ஸாப் ஒருநாள் விளக்கம் சொன்னான். ஜீவராணிக்கு அந்தச் சுருதி போதும், அவன் வளைவில் திரும்பும்போதே தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிடுவாள்.

அந்த நிம்மதியைக் கெடுத்தது ஒரு புதிய ஓடர்.

"வெள்ளவத்தையில இன்னொரு லொட்ஜ் கேக்குது ராணி," என்றான் புஷ்பராஜ். பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "தெனமும் ஒரு பெட்டி. செவப்பு இடியப்பமும் வெள்ளையும் கலந்து."

"இப்ப பிழியிறதுக்கே கையி கடுக்குது."

"கொஞ்ச நாளைக்குத்தான்."

"லொட்ஜ்காரன் என்னா கொஞ்ச நாளைக்குத்தான் சாப்பிடுவானா?"

"இல்ல, பிழிய ஒரு ஆள் சேந்தா பொறகு பாப்போம்னு சொல்றேன்," என்று அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். அந்தப் பதிலிலேயே அவன் எதையோ ஒளிக்கிறான் என்று அவள் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. பெரிய ஸ்டீமரைத் தேடி எடுக்கிற கவலையில் இருந்தாள்.

பெரிய ஸ்டீமர் பரணில் பழைய துணி சுற்றிக் கிடந்தது. அதைத் தொட அவளுக்கு விருப்பமில்லை. அவளும் அக்கா இராமலெட்சுமியும் சேர்ந்து தொழில் செய்த காலத்துச் சாமான் அது. ஒரு கல்யாண வீட்டுக்குக் கொடுத்த இடியப்பம் பச்சை மா வாசத்தோடு போய், வீட்டுக்காரர் முகம் சுளித்தபோது, இராமலெட்சுமி சபை நடுவில் நின்று, "அது எந்தங்கச்சி கை. அது கைக்கு எப்பவும் அப்புடித்தான் வரும்," என்று சொல்லிவிட்டாள். மா வறுத்தது இராமலெட்சுமி. அன்றைக்கு ஜீவராணி உரலைக் கழுவி வைத்தவள், அதற்குப் பிறகு அக்காவோடு ஒரு சொல் பேசவில்லை. இராமலெட்சுமி கிருலப்பனைப் பக்கம் போய்த் தனியாகத் தொழில் நடத்துகிறாள் என்று மட்டும் காதில் விழுந்தது. அவள் பேரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் போட்டவள் ஜீவராணி.

ஸ்டீமரை இறக்கினாள். வேலை கூடியது. கூடிய வேலையோடு நிற்காமல் புஷ்பராஜ் இன்னொன்றையும் கிளப்பினான், பெற்றரியை அறுபது வோல்ட்டுக்கு மாற்ற வேண்டுமாம். அவளும் ஸ்டீமருக்கு ஒரு மூடி வாங்க மருதானைக்குப் போக வேண்டியிருந்ததால், இருவரும் சேர்ந்தே இன்ஸாபின் கடைக்குப் போனார்கள்.

இன்ஸாப் கிறீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, வாங்குப் பலகையில் கிடந்த டயரைத் தள்ளி அவளுக்கு இடம் போட்டான்.

"அறுவது போடேலும். மோட்டர் தாங்கும். பழைய கன்ட்ரோலர்தான் தாங்காது, அத மாத்தோணும்," என்றான். "ஆனா ஒண்டு செல்றேன், கேளுங்க. இதுக்குள்ள வெள்ள நைலோன் பல்சில்லு ஒண்டு ஈக்கிது. சூடு கூடினா மொதல்ல உருகுற அதுதான். பாரத்தோட பெரிய கியர்ல வெச்சி இழுக்கப் படாது. சின்ன கியர்ல எடுத்து, ஓட ஓட மாத்தோணும்."

"அப்ப எதுக்கு நானா கூட்டுறீங்க? நாப்பத்தெட்டே போதுமே," என்றாள் ஜீவராணி. அண்ணன் முறையில் இன்ஸாபை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"கேக்கிறது அவரு. நான் வேணாம்னும் செல்லிப் பாத்தேன்."

"என்னா அவசரம் இவருக்கு? இடியப்பம் எங்கயாச்சும் ஓடிப்போயிருமா?"

"ஆறிப்போயிரும்," என்றான் புஷ்பராஜ்.

ஆறின இடியப்பத்தைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்ஸாப் ஒரு சின்னப் பையை அவள் கையில் கொடுத்தான். உள்ளே அந்த நைலோன் பல்சில்லில் இன்னொன்று இருந்தது. "இத வீட்டுல வைங்க. அவசரத்துக்குத் தேடினா கெடைக்காத சாமான். மத்தது, தண்ணி உள்ளுக்குப் போகாமப் பாத்துக்கோங்க, மழ வருது."

கியர் விஷயம் ஓட்டுகிறவனுக்குச் சொன்னது என்று அவள் காதில் ஏற்றிக்கொள்ளவில்லை. தண்ணீர் விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டாள். பல்சில்லு கடுகு டின்னுக்குள் போனது.

அறுபது வோல்ட்டில் அந்த பைக்கின் குரலே மாறிவிட்டது. பாட்டு இல்லை, கீச்சென்று ஒரு இழுவை. கைப்பிடியைத் திருகினால் பெட்டியோடு சேர்த்துத் துள்ளிக்கொண்டு போனது. முதல் நாள் அது ஒழுங்கையை விட்டு வெளியேறிய வேகத்தை ஜீவராணி குசினியில் இருந்தே கேட்டாள். வெள்ளவத்தைக்குப் போகிற காலி வீதியின் பஸ்காரர்களை நினைத்தாள். அவன் திரும்பி வரும் வரைக்கும் ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளாமல் கழுவின தட்டையே திரும்பக் கழுவினாள்.

ஒரு விஷயம் மட்டும் கணக்கில் உதைத்தது. போவது பறந்து போகிறான். வருவது என்னவோ பழைய நேரத்துக்குத்தான் வருகிறான். வரும்போது மோட்டர் களைத்துப்போய், நாற்பத்தெட்டு வோல்ட் காலத்தை விடவும் இறங்கின சுருதியில் முனகுகிறது.

"வெள்ளவத்தைக்குப் போய் வர்றதுக்கு இவ்வளவு எறங்குமா?" என்று கேட்டாள்.

"எங்க எறங்கியிருக்கு? பாரு, ஃபுல்லாத்தான் காட்டுது," என்று அவன் கைப்பிடியில் இருந்த மீட்டரைக் காட்டினான். அது பழைய மீட்டர். நாற்பத்தெட்டுக்குச் செய்தது, அதற்கு அறுபது விளங்காது. பெற்றரி சாகும் வரைக்கும் எல்லாக் கட்டமும் நிறைந்தே நிற்கும் என்று இன்ஸாப் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது.

"மீட்டர் சொல்றத நான் கேக்கல."

"ட்ரபிக் ராணி. நின்னு நின்னு போனா எறங்கத்தான் செய்யும்."

இரண்டு நாள் கழித்து அருந்ததி டீச்சர் போன் எடுத்தா. வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகளுக்கு போர்டிங் நடத்துகிறவ. முதல் பெட்டி அவவுக்குத்தான்.

"ராணி, சொல்லோணும் எண்டு நினைச்சனான். இடியப்பம் இப்ப ஆவி பறக்க வருது. பிள்ளையள் சம்பலைப் பார்க்காமலே வெறும் இடியப்பமாத் தின்னுதுகள்."

"சந்தோசம் டீச்சர்."

"உங்கட ஆள்தான் முந்தி மாதிரி நிண்டு கதைக்கிறேல்லை. பெட்டியை வச்ச கையோட பறந்திடுவார்."

"புது லொட்ஜுக்கும் குடுக்கணுமில்லீங்களா."

"எந்த லொட்ஜ்?"

"ஒங்க பக்கந்தானாம்."

டீச்சர் கொஞ்சம் யோசித்தா. "எனக்குத் தெரிய இஞ்ச ஒரு லொட்ஜும் புதுசா வரேல்லை. அவர் மற்றப் பெட்டியை இஞ்ச எங்கயும் இறக்கிறேல்லைப் பிள்ளை. அதோட ஹவ்லொக் ரோட் பக்கமா எல்லோ திரும்பிறவர்."

ஜீவராணி போனை வைத்துவிட்டு உரலின் முன்னால் உட்கார்ந்தாள். ஐம்பது வயதில், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு கிளம்புகிற ஆள் காலையில் இடியப்பத்தோடு யாரைத் தேடிப் போகப்போகிறான் என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் மா குழைக்கக் கை ஓடவில்லை. கொதிநீரைக் கூடுதலாக ஊற்றி, மா களியாகி, திரும்ப வறுத்த மா போட்டுச் சரிக்கட்டினாள். நேரடியாகக் கேட்டுவிடலாம். கேட்டால் அவன் ஒரு பதில் சொல்லுவான், அந்தப் பதிலை நினைக்கத்தான் பயமாக இருந்தது.

மறுநாள் விடியப் பெரும் மழை. அவள் வழக்கம்போல சூடு காக்கிற ரெஜிபோம் பெட்டிக்குள் வாழையிலை விரித்து, இடியப்பத்தை அடுக்கி, துணியால் மூடி, மேலே பொலித்தீன் சுற்றிக் கட்டினாள். இரண்டு பெட்டியும் கட்டி முடிந்த பிறகு பொலித்தீன் மிச்சம் இருந்தது. பைக்கைப் பார்த்தாள். மோட்டர் நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் தொங்கியது. கொழும்பில் மழை பெய்தால் வீதியில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். மனுஷன் மேல் ஆத்திரம் இருந்ததுதான், அதற்காக அவன் நடு வீதியில் நனைந்து நிற்க வேண்டும் என்று இல்லை. ஒரு துவாயை மடித்து மோட்டரைச் சுற்றிப் போர்த்தி, மேலே பொலித்தீனை இறுக்கிச் சுற்றி, டியூப் றப்பரால் பெட்டியைக் கட்டின மாதிரியே கட்டினாள். புஷ்பராஜ் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, குனிந்தும் பார்க்காமல் ஏறிப் போனான்.

மழை விட்டு, அவள் சம்பல் இடித்த உரலைக் கழுவிக்கொண்டிருந்தபோது இன்ஸாபின் போன் வந்தது.

"தங்கச்சி, புஷ்பராஜ் பாமன்கடப் பாலத்துக்கிட்ட நிக்கிறாராம். மோட்டர் கத்துதாம், செயின் அசையுதில்லயாம். பெடலும் இறுகிட்டாம். பல்சில்லு போய்ட்டு போல. ஒங்க வீட்டுல ஈக்கிறத எடுத்து வைங்க, நான் த்ரீவீல்ல வாரேன்."

"பாமன்கடையா? அங்க எதுக்குப் போனாரு?"

"அது எனக்குத் தெரியா தங்கச்சி. ஒங்களுக்குச் செல்ல வேணாம், வீட்டால சாமான மட்டும் எடுங்கோண்டாரு. செல்லாம எப்பிடி எடுக்கிற?"

த்ரீவீல் வந்தபோது அவள் கடுகு டின்னை மடியில் வைத்துக்கொண்டு தானும் ஏறி உட்கார்ந்தாள். மருதானை நெரிசலில் நின்று, திம்பிரிகஸ்யாய சந்தியில் நின்று, ஹவ்லொக் வீதியில் போகும் வரைக்கும் அவள் மனத்துக்குள் கேள்விகளை அடுக்கினாள். முதல் கேள்வி, அவள் பேர் என்ன.

புஷ்பராஜ் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடையின் கூரைக்குக் கீழே பைக்கை ஸ்டாண்டில் போட்டுவிட்டு நின்றான். த்ரீவீலுக்குள் இருந்து மனைவி இறங்குவதைக் கண்டதும் தலையில் இருந்த ஹெல்மட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். கரியரில் ஒரு பெட்டி கட்டினபடியே இருந்தது.

"இது எந்த லொட்ஜுங்க?" என்று கேட்டாள்.

அவன் இன்ஸாபைப் பார்த்தான். இன்ஸாப் ஸ்பனர் சாவிக் கட்டை எடுத்துக்கொண்டு மோட்டரின் பக்கம் குந்திவிட்டான். குடும்ப விஷயத்துக்கு அவன் வரவில்லை.

"லொட்ஜ் இல்ல ராணி."

"அப்ப?"

"கிருலப்பனைக்கு."

"கிருலப்பனைல யாரு இருக்கா?" கேட்டு முடிக்க முன்னமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"அக்காவுக்குக் கையி முறிஞ்சிருச்சு. வலது கையி. குளிக்கிற எடத்துல விழுந்துருச்சாம். மார்க்கட்டுல கையில மாவுக்கட்டோட நின்னுச்சு, நான்தான் போய்ப் பேசுனேன். உரலத் தொட ஏலாது, பிழிஞ்சு குடுக்க ஒரு ஆளும் இல்ல. வாடிக்கை கலஞ்சு போச்சுன்னா பொறகு அது எப்புடி ராணி பொழைக்கும்?"

"அதுக்காக என்னைய அவளுக்கு வேலக்காரியா வச்சிட்டீங்க."

"ஒங்கிட்ட சொல்லியிருந்தா பிழிஞ்சிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

"அதுக்குத்தான் அறுவதாக்குனீங்களா?"

"டீச்சருக்குக் குடுத்துட்டு, இங்கயும் குடுத்துட்டு, நீ சந்தேகப்படாத நேரத்துக்கு வீட்டுக்கு வரணும். நாப்பத்தெட்டுல ஏலாது." அவன் ஹெல்மட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நீ காதாலயே எல்லாத்தையும் புடிச்சிருவன்னு தெரியும். நேரத்தையாச்சும் சரிக்கட்டலாம்னு பாத்தேன்."

இன்னொருத்தி இல்லை என்ற ஆறுதல் அவளுக்கு வந்தது. ஆறுதலின் பின்னாலேயே அதை விடப் பெரிய கோபம் வந்தது. இத்தனை நாளாகக் கை கடுக்கக் கடுக்கப் பிழிந்த சிவப்பும் வெள்ளையும், அந்தக் கையைச் சபையில் வைத்துப் பழித்தவளின் பேரில் விலைப்பட்டிருக்கிறது. சொல்லுவதற்கு அவள் வாயைத் திறந்தபோது இன்ஸாப் கீழேயிருந்து, "இத யாரு சுத்தின?" என்றான்.

அவன் கையில் பொலித்தீனும் துவாயும் இருந்தன. துவாயிலிருந்து ஆவி வந்தது.

"நான்தான் நானா. தண்ணி போகக் கூடாதுன்னு சொன்னீங்களே."

"தண்ணி போகப் படாதுதான். இது காத்துல ஆறுற சாமான் தங்கச்சி. அறுவது வோல்ட்ல இழுக்கிறதே சூடு, அதுக்கு மேல போர்த்தி வெச்சா? இடியப்பம் அவிச்ச மாதிரி அவிச்சீக்கிறீங்க." மூடியைக் கழற்றி உள்ளேயிருந்து எடுத்ததை அவள் உள்ளங்கையில் வைத்தான். வெள்ளைப் பல்சில்லின் பற்கள் ஒரு பக்கம் இளகி வழிந்து, கொழுக்கட்டை மாவாக ஒட்டிப்போயிருந்தன. இன்னும் சுட்டது. "புஷ்பராஜ், நீங்களும் பெரிய கியர்லதானே வந்தீக்கிறீங்க. ரெண்டு பேரும் சேந்துதான் கொன்ன."

ஜீவராணி கடுகு டின்னில் இருந்த புதியதை எடுத்து இன்ஸாபிடம் கொடுத்துவிட்டு, உருகினதை டின்னுக்குள் போட்டாள். பிறகு போய்க் கரியரில் இருந்த பெட்டியைத் தொட்டாள். அவளுடைய கட்டு நல்ல கட்டு, சூடு இன்னும் இருந்தது. ஆனால் இறங்கத் தொடங்கிவிட்ட சூடு.

"அங்க ஆளுங்க நிப்பாங்களா?"

"இந்நேரம் வந்திருப்பாங்க."

"வீடு எங்க?"

"மார்க்கட்டுக்குப் பின்னால, கால்வாய் ஓரத்து ஒழுங்கை. நீல கேட். ராணி, வேணாம், நான் வேற த்ரீவீல்ல..."

"நீங்க பைக்கப் பாருங்க," என்று அவள் பெட்டியை அவிழ்த்துத் தூக்கினாள். வழியில் வந்த த்ரீவீலை நிறுத்தி ஏறினாள். போகிற வழி முழுக்க, கல்யாண வீட்டிலிருந்து தொடங்கி என்னென்ன சொல்ல வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்திக்கொண்டாள். பெட்டியை வைப்பது, சொல்லுவது, திரும்புவது. அவ்வளவுதான் திட்டம்.

நீல கேட்டுக்கு முன்னால் ஐந்தாறு பேர் கையில் பாத்திரத்தோடு நின்றார்கள். வேலைக்குப் போகிற அவசரத்தில் ஒருவன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே தாழ்வாரத்தில், பழைய சேலைக் கிழிசலில் கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டபடி, இராமலெட்சுமி முதுகைக் காட்டிக்கொண்டு இடது கையால் சம்பலை அள்ளிச் சின்னச் சின்னப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். பாதி வெளியே சிந்தியது. ஆள் இளைத்திருந்தாள்.

"இன்னைக்கு சுணங்கிட்டீங்களே தம்பி," என்றாள் திரும்பாமல். "சனம் ரெண்டு தரம் கேட்டுருச்சு."

ஜீவராணி பெட்டியைக் கீழே வைத்தாள். இராமலெட்சுமி திரும்பினாள். பையும் கையுமாக அப்படியே நின்றாள்.

"வந்துட்டியா," என்றாள். "தெனமும் தம்பிகிட்ட கேப்பேன், ராணி எப்ப வரும்னு. வேல, வேலன்னுதான் சொல்லும். நீதான் எனக்காகப் பிழிஞ்சு குடுத்து விடுறன்னு மொத நாள் தம்பி சொன்னப்ப நான் நம்பல. பெட்டியத் தொறந்து பாத்தேன். ஒன் சுத்து எனக்குத் தெரியாதா? நடுவுல ஒரு மடிப்பு விழும். அன்னைக்குப் பூரா நான் சோறு திங்கல ராணி, அழுதுக்கிட்டே கெடந்தேன்."

புஷ்பராஜ் இங்கேயும் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டிருக்கிறான். அவள் த்ரீவீலில் அடுக்கிக்கொண்டு வந்தவற்றுக்கு இப்போது இடமே இல்லை. எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்திருந்தால் ஒரு இழை கூடப் பிழிந்திருக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும். உண்மையும் அதுதான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

வரிசையில் முன்னால் நின்ற சிங்கள அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "நங்கித?" என்று கேட்டா.

"ஓவ், மகே நங்கி," என்றாள் இராமலெட்சுமி. என் தங்கச்சி என்று சொன்ன அந்த வேகத்தைப் பார்த்தால், இந்த ஒழுங்கைக்கே பல நாளாகச் சொல்லி வைத்திருக்கிறாள் என்று தெரிந்தது.

ஜீவராணி குந்திப் பெட்டியைத் திறந்தாள். ஆவி கொஞ்சம்தான் வந்தது, ஆனால் வந்தது. பாத்திரங்களை ஒவ்வொன்றாக வாங்கி இடியப்பத்தை வைத்துக் கொடுத்தாள். அக்கா பக்கத்தில் இருந்து சொதியும் சம்பலும் கொடுத்தாள். பழைய நாளில் செய்த அதே முறைதான், யார் எதைக் கொடுப்பது என்று ஒருவரையொருவர் கேட்கவில்லை. கடைசி ஆளும் போன பிறகு இராமலெட்சுமி பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

"எல்லாருஞ் சொல்றாங்க, முன்னைய விட இப்ப மெத்துன்னு இருக்காம்," என்றாள். "எனக்கு இப்புடி வராதுடி. அன்னைக்கு அந்தக் கல்யாண வீட்டுல நாந்தான் மாவ அர வறுவல்ல எறக்குனேன். ஆளுங்களப் பாத்ததும் பயத்துல ஒன் பேரச் சொல்லிட்டேன்."

இதைக் கேட்பதற்காகத்தான் ஜீவராணி இத்தனை வருஷம் ஒரு சட்டம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டபோது சந்தோஷம் வரவில்லை. அக்காவின் முழங்கையில் காய்ந்துபோயிருந்த சம்பலைத் துடைத்துவிடத்தான் தோன்றியது. சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

ஒழுங்கை முனையில் அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டது. புதுப் பல்சில்லு. சின்ன கியரில் எடுத்து மெல்ல வருகிறான் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. கேட்டடியில் சத்தம் நின்றது. புஷ்பராஜ் தலையை மட்டும் உள்ளே நீட்டி, இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தான். எந்தப் பொய் எங்கே உடைந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"வாங்க தம்பி," என்றாள் இராமலெட்சுமி. பிறகு தங்கச்சியின் பக்கம் திரும்பினாள். "நானும் கேக்கணும்னு இருந்தேன். கொட்டாஞ்சேனையில இருந்து வெள்ளவத்த போய் இங்க வர்றதுக்குள்ள ஆறிருமேடி. எப்புடி சூடாவே வருது?"

"பழைய பெற்றரில வந்தா ஆறிருங்க்கா," என்றாள் ஜீவராணி. புருஷனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அதான் அறுவது வோல்ட் போடுங்கன்னேன். இவரு வேணாம் வேணாம்னாரு. நான்தான் கேக்கல."

புஷ்பராஜ் ஹெல்மட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.